நண்டு போடாத கூழ்

மீன்காரன் நண்டைக் காலில் பிடித்துத் தூக்கிக் காட்டிச் சிங்களத்தில் கேட்டான். "கக்குளுவோ எபாத, நோனா?"

"எபா மல்லி. இஸ்ஸோ தென்ன," என்றாள் ஜெகதீஸ்வரி. நண்டு வேண்டாம், இறால் போதும். அதோடு ஒரு பாரைத் தலையும் நாலைந்து துண்டு மீனும்.

வெள்ளவத்தைச் சந்தையின் ஈரத் தரையில் குடையை ஊன்றிக்கொண்டு நின்ற மகள் தர்மினி, தாயைத் திரும்பிப் பார்த்தாள்.

"கூழ் எண்டு சொன்னியள். நண்டில்லாமல் என்ன கூழம்மா?"

"கீழ்வீட்டு றலியாவையும் ஷரீபையும் சாப்பிட வரச் சொல்லியிருக்கிறன். அவை நண்டு சாப்பிடமாட்டினம்."

"ஆக்களையும் கூப்பிட்டிருக்கிறியளோ? அப்பா அறையை விட்டு வெளியில வாறேல்லை. நீங்கள் விருந்து வைக்கிறியள்."

"அதுக்குத்தான் வைக்கிறன்," என்று சொல்லிவிட்டு ஜெகதீஸ்வரி மரக்கறிப் பக்கம் நடந்தாள். பயற்றங்காய், மரவள்ளிக் கிழங்கு, பலாக்கொட்டை, ஒரு பிடி முருங்கையிலை. எதையும் விலை பேசவில்லை. இன்றைக்கு அவளுக்கு அதற்குப் பொறுமை இல்லை.

இராசரத்தினம் வீட்டுக்குத் திரும்பி வந்து ஒரு கிழமையாகிவிட்டது. கொழும்புக் கோட்டையில் குண்டு வெடித்த அன்று, கப்பல் கம்பனியில் வேலை முடித்து பஸ்ஸில் வந்தவரைச் சோதனைச்சாவடியில் இறக்கிக்கொண்டு போனார்கள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வதற்கே ஜெகதீஸ்வரி எத்தனையோ வாசல்களில் நிற்கவேண்டியிருந்தது. மூன்று கிழமைக்குப் பிறகு ஒரு நாள், ஷேவ் எடுக்காத முகத்தோடும் அதே சேட்டோடும் அவர் படியேறி வந்தார். குளித்தார். பின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்றிலிருந்து பால் விடாத பிளேன்ரீயில்தான் உயிர் ஓடிக்கொண்டிருந்தது. சில வேளை ஒரு விசுக்கோத்து. சோற்றுக் கோப்பையை வைத்தால் வைத்தபடியே திரும்பி வரும். வந்து பார்த்த டொக்டர் உடம்பில் வருத்தம் ஒன்றுமில்லை என்றார். சாப்பிடவும் கதைக்கவும் வேண்டும், அவ்வளவுதான் என்றார். அந்த இரண்டையும்தான் அவர் செய்யவில்லை.

சந்தையை விட்டு வெளிக்கிடும்போதே மழை தூறத் தொடங்கியது. கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் தாயும் மகளும் ஒரு குடைக்குள் நடந்து, மாடி ஏறி, ஈரச் செருப்பை வாசலில் கழற்றினார்கள். பின் அறைக் கதவு சாத்தியேதான் இருந்தது.

ஜெகதீஸ்வரி நேரே குசினிக்குப் போனாள். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவைச் சட்டியில் கொட்டித் தண்ணீர் விட்டாள். யாழ்ப்பாணப் பாதை பூட்டிய பிறகு ஒடியல் மா கிடைப்பது அரிது. யாரோ கப்பலில் கொண்டுவந்து கடையில் கொடுத்த கடைசிப் பைக்கற் இது. கடைக்கார நமசிவாயத்தார் அதைத் தனக்கென்று எடுத்து வைத்திருந்தார். ஆருக்கு என்று கேட்டு, இராசரத்தினத்துக்கு என்று தெரிந்ததும் மறுபேச்சில்லாமல் எடுத்துத் தந்துவிட்டார்.

மா ஊறக் கசப்பு மேலே வரும். அதை வார்த்துவிட்டுப் புதுத் தண்ணீர் விடவேண்டும். அவசரப்பட்டால் கூழ் கைக்கும். ஜெகதீஸ்வரி இன்றைக்கு எதிலும் அவசரப்படுவதாக இல்லை.

மரவள்ளியை வெட்டத் தொடங்கியபோது, கறண்ட் போயிற்று. அதே நேரம் வாசல் மணிக்குப் பதிலாகக் கதவில் உள்ளங்கையால் பலமாக அடிக்கும் சத்தம் கேட்டது. வீட்டுக்குள் மூன்று பேரும் ஒரு கணம் அசையாமல் இருந்தார்கள்.

"நான்தான். கனகேஸ்வரி. திறவுங்கோ, நனையிறன்."

இராசரத்தினத்தின் அக்கா கொட்டாஞ்சேனையிலிருந்து ஓட்டோ பிடித்து வந்திருந்தாள். சீலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே உள்ளே வந்தவள், சாத்தியிருந்த அறைக் கதவைப் பார்த்தாள். பிறகு தர்மினி ஏற்றிவைத்த மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் குசினி மேசையில் பரவிக் கிடந்த மீனையும் மரக்கறியையும் பார்த்தாள்.

"என்ன ஜெகா, கொண்டாட்டமோ?"

"கூழ் காய்ச்சிறன் மச்சாள். நீங்களும் இருந்து குடிச்சிட்டுத்தான் போகவேணும்."

கனகேஸ்வரி முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். யாரும் கேட்காமலே பலாக்கொட்டையை எடுத்துத் தோல் உரிக்கத் தொடங்கினாள். கை வேலை செய்துகொண்டிருக்க, வாய் வந்த விசயத்துக்குப் போயிற்று.

"எல்லாம் சரி வந்திட்டுது. செவ்வாய்க்கிழமை பிளேன். ஏஜென்சிக்காரன் நாளைக்கு மத்தியானத்துக்குள்ள ஓமோ இல்லையோ எண்டு சொல்லட்டாம். ரொறொன்ரோவில என்ர பெடியள் ரெண்டு பேரும் நிக்கிறாங்கள், பாத்துக்கொள்ளுவாங்கள். முதல் அவன் போகட்டும். பிறகு நீயும் பிள்ளையும் போகலாம்."

"அவர் போறன் எண்டு சொல்லேல்லை."

"நீ அவனைக் கேட்டனியோ?"

"கேட்டன். உங்கட விருப்பம் எண்டு சொன்னவர்."

"பிறகென்ன?"

"அது பதிலில்லை மச்சாள். பிளேன்ரீயோ கோப்பியோ எண்டு கேட்டாலும் அதைத்தான் சொல்லுறார்."

கனகேஸ்வரியின் கை நின்றது. "இஞ்ச பார் ஜெகா. ஒருக்காப் பிடிச்சவங்கள் ரெண்டாந்தரம் பிடிக்க எவ்வளவு நேரம்? அடுத்த குண்டு வெடிச்சால் முதல் வந்து தட்டுறது உன்ர கதவைத்தான். அவன் வாய் திறக்குமட்டும் நீ பாத்துக்கொண்டிருக்கப் போறியோ?"

"இல்லை. இண்டைக்குத் திறக்க வைக்கப் போறன்." ஜெகதீஸ்வரி செத்தல் மிளகாயை அம்மியில் வைத்துத் தண்ணீர் தெளித்தாள். "அவர் எங்களோட இருந்து சாப்பிடவேணும். சாப்பிட்டுப்போட்டுத் தன்ர வாயால சொல்லவேணும். போறன் எண்டால் நானே பெட்டி அடுக்கிறன். ஆனால் பொட்டலம் மாதிரிக் கட்டி அவரை அனுப்ப நான் விடமாட்டன்."

"அவன் சாப்பிட வராட்டி?"

ஜெகதீஸ்வரி குழவியை இழுத்து அரைக்கத் தொடங்கினாள்.

மீன் தலை கொதிக்க, வாசம் எழும்பிற்று. பயற்றங்காயும் கிழங்கும் பலாக்கொட்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பானைக்குள் போயின. ஒரு பிடி அரிசியும் போயிற்று. அவை அவிந்ததும் இறாலைப் போட்டாள். இறால் சிவந்து சுருண்டுகொண்டு வர, கரைத்த ஒடியல் மாவைப் புளியோடும் அரைத்த மிளகாயோடும் கலந்து மெதுவாக வார்த்தாள். தர்மினி அகப்பையால் கட்டிபடாமல் துழாவினாள். தண்ணீராய் இருந்தது கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்து, மஞ்சளும் சிவப்புமாக, பெரிய பெரிய குமிழியாக வெடித்தது. யன்னல் கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து வெளியே மழை தெரியாமல் போயிற்று.

ஜெகதீஸ்வரி அகப்பையில் கொஞ்சம் எடுத்து ஊதி, நாக்கில் வைத்துப் பார்த்தாள். "இன்னும் கொஞ்சம் உப்பு."

கனகேஸ்வரியும் கையை நீட்டினாள். உள்ளங்கையில் விட்டதை உறிஞ்சிப் பார்த்தாள். "புளி காணாது," என்றாள். அவள் சொன்னது சரியாகத்தான் இருந்தது; தானே கரைத்தும் விட்டாள்.

கீழ்வீட்டுக்காரர் வந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. றலியா ஒரு கையில் மெழுகுதிரியும் மறு கையில் வட்டிலப்பத் தட்டுமாக வந்தாள். ஷரீப் இஞ்சி போட்ட தேத்தண்ணீரைப் பெரிய பிளாஸ்கில் கொண்டுவந்தார். இராசரத்தினத்தைத் தேடித்திரிந்த நாட்களில் ஜெகதீஸ்வரியைத் தன் வேனில் ஏற்றிக்கொண்டு பொலிஸ் நிலையங்களுக்கெல்லாம் போனவர் அவர்தான்.

"மணம் கீழ வரைக்கும் வருது ஜெகாக்கா," என்றாள் றலியா. பிறகு குரலைத் தாழ்த்தி, "நண்டு போடல்லண்டு தர்மினி சொல்லிச்சி. எங்களுக்காகவா? நாங்க வேற ஏதாச்சும் சாப்பிட்டிருப்பமே," என்றாள்.

"ஒரு பானையில இருந்து எல்லாரும் குடிச்சால்தான் அது கூழ். உங்களுக்குத் தனியா வைச்சால் பிறகேன் நான் இவ்வளவு பாடுபடுறன்?"

சாப்பாட்டு மேசையில் ஆறு கிண்ணம் வைத்திருந்தாள். பின் அறைக் கதவருகே போய் நின்றாள்.

"இஞ்சருங்கோ. கூழ் காய்ச்சியிருக்கு. அக்கா வந்திருக்கிறா. ஷரீபும் றலியாவும் வந்திருக்கினம். வாங்கோ."

"நீங்கள் சாப்பிடுங்கோ." குரல் கதவுக்கு அந்தப் பக்கம் தூரத்தில் இருந்து வந்தது போல இருந்தது. "எனக்குப் பசிக்கேல்லை."

மேசையைச் சுற்றி நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்கப் பார்த்தார்கள். கனகேஸ்வரி, நான் சொன்னேனே என்பது போலக் கதிரையை இழுத்தாள்.

"இருக்காதையுங்கோ மச்சாள்," என்றாள் ஜெகதீஸ்வரி. "தர்மினி, பெரிய பாயை எடு. றலியா, கிண்ணங்களைத் தூக்கும். மச்சாள், நீங்கள் விளக்கைக் கொண்டு வாங்கோ."

"எங்க?"

"அறைக்குள்ள. அவர் வராட்டி நாங்கள் போவம்."

"படுக்கை அறைக்குள்ள பிறத்தி ஆக்களைக் கூட்டிக்கொண்டோ?" கனகேஸ்வரிக்கு வாய் மூடவில்லை.

"மூண்டு கிழமை என்னோட அலைஞ்ச ஆக்கள் எனக்குப் பிறத்தியில்லை."

ஜெகதீஸ்வரி இரண்டு துணியால் பானையைப் பிடித்துத் தூக்கினாள். காலால் கதவைத் தள்ளினாள். அது பூட்டியிருக்கவில்லை.

கட்டில் ஓரத்தில் இருந்த இராசரத்தினம் திடுக்கிட்டு எழுந்தார். ஆவி பறக்கும் பானையும் விளக்கும் பாயும் கிண்ணங்களுமாக ஒரு ஊர்வலமே உள்ளே வந்துகொண்டிருந்தது. ஷரீப் வாசலில் தயங்கி நின்றார். "மன்னிச்சிக்கங்க அண்ணே," என்றார்.

"வாரும் ஷரீப்," என்று இராசரத்தினம் தன்னையறியாமல் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்த மனிதரை வாசலில் நிற்கவைக்க அவருக்கு எந்தக் காலத்திலும் தெரியாது.

சின்ன அறை. கட்டிலைச் சுவரோடு தள்ளிப் பாயை விரித்தார்கள். ஆறு பேரும் முழங்காலோடு முழங்கால் முட்ட உட்கார்ந்தார்கள். யன்னலுக்கு வெளியே கடல் இரைந்தது. ஜெகதீஸ்வரி முதல் கிண்ணத்தை நிரப்பிப் புருசனின் கையில் கொடுத்தாள். தேங்காய்ச் சொட்டுத் துண்டு இரண்டை மற்றக் கையில் வைத்தாள்.

"ஆறினால் நல்லாயிராது," என்றாள்.

அவர் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. எல்லோரும் தங்கள் கிண்ணத்தை ஊதினார்கள். முதலில் குடித்த ஷரீப்புக்குப் புரையேறிற்று. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"யக்கா, இது கூழா நெருப்பா?"

"மெல்ல உறிஞ்சுங்கோ அங்கிள். ஒரு கடி தேங்காய், ஒரு வாய் கூழ்," என்று தர்மினி காட்டிக் கொடுத்தாள். றலியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அடுத்த வாயில் அவளுக்கும் மூக்கு ஒழுகத் தொடங்கியது. சீலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, "ஆனா கிண்ணத்தைக் கீழ வைக்க ஏலாம ஈக்கி," என்றாள்.

அந்த நேரத்தில்தான் இராசரத்தினம் கிண்ணத்தை வாய்க்குக் கொண்டுபோனார்.

ஒரு வாய். பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு இன்னொரு வாய். நெற்றியில் வியர்வை துளிர்த்தது. தேங்காயைக் கடிக்கும் சத்தம் கேட்டது. ஜெகதீஸ்வரி தன் கிண்ணத்துக்குள்ளேயே கண்ணை வைத்துக்கொண்டிருந்தாள். பலாக்கொட்டையை அவர் மென்று விழுங்கியதை, பார்க்காமலே அவள் அறிந்தாள்.

"அக்கா புளி விட்டிருக்கிறா," என்றார் அவர்.

"நீ எப்பிடிக் கண்டனி?" என்றாள் கனகேஸ்வரி.

"ஜெகா புளி குறைச்சுத்தான் விடுவா."

ஷரீப் இரண்டாம் கிண்ணம் கேட்டார். பின்னால் இராசரத்தினத்தின் கிண்ணமும் நீண்டது. இந்தத் தடவை தர்மினி இறாலைத் தேடித் தேடித் தகப்பனின் கிண்ணத்தில் போட்டாள். மழைக்குள்ளால் ஒரு ரயில் கரையோரமாகப் போயிற்று. அறை முழுக்கப் புளியும் மிளகாயும் ஈரமும் கலந்த மணம். எல்லோருக்கும் முகம் சிவந்து, உதடு எரிந்து, வயிறு சூடாகியிருந்தது. றலியா வட்டிலப்பத்தை வெட்டி வைத்தாள். ஷரீப் இஞ்சித் தேத்தண்ணீரைக் கோப்பைகளில் ஊற்றினார். நாலு கிழமைக்குப் பிறகு அந்த வீடு ஒரு வீடு போல இருந்தது.

கனகேஸ்வரி தேத்தண்ணீரை வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினாள். ஜெகதீஸ்வரி தடுக்கவில்லை.

"தம்பி, செவ்வாய்க்கிழமை பிளேன். நாளைக்கு நான் பதில் சொல்லவேணும். நீ போறியோ?"

இராசரத்தினம் கோப்பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தார். "போகேல்லை அக்கா," என்றார்.

"ஏன்?"

"எனக்கு வேற ஒரு இடத்துக்குப் போகக் கிடக்கு. வத்தளைக்கு."

அவரே சொன்னார். முதலில் சொற்கள் தடக்கித் தடக்கி வந்தன.

"உள்ளுக்க என்னோட ஒரு பெடியன் இருந்தவன். கிளாரன்ஸ். இருபத்தாறு வயசு. அச்சகத்தில வேலை. அங்க தாற சோறு எனக்கு ஒத்துக்கொள்ளேல்லை, திண்டதெல்லாம் சத்தியா வெளியில வந்திட்டுது. காலமை ஆளுக்கு ஒரு துண்டுப் பாண் தருவாங்கள். அவன் தன்ரையையும் எனக்குத் தந்திடுவான். தனக்குச் சோறு போதும் எண்டுவான். ஒவ்வொரு நாளும். என்னை வெளிய விட்ட அண்டைக்கு அவன் ஒண்டே ஒண்டுதான் கேட்டவன். தான் உள்ளுக்க இருக்கிறது வீட்டில ஆருக்கும் தெரியாது, வத்தளைக்குப் போய் அம்மாவிட்டத் தான் உயிரோட இருக்கிறன் எண்டு சொல்லிவிடுங்கோ எண்டு."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"இஞ்ச வந்த நாள் தொடங்கி, பின்னேரங்களில சேட்டைப் போட்டுப் பொத்தான் பூட்டிக்கொண்டு போய் இந்தக் கதவுப் பிடியைப் பிடிப்பன். கை திறக்காது. ரோட்டில நிக்கிற செக்பொயின்ற்தான் கண்ணுக்குள்ள நிக்கும். திரும்பி வந்து கட்டிலில இருப்பன். நீர் சாப்பாட்டைக் கொண்டுவந்து வைப்பீர் ஜெகா. கோப்பையைக் கண்டால் அவன்ர கைதான் தெரியும். எப்பிடிச் சாப்பிடுறது?"

"என்னட்டைச் சொல்லியிருக்கலாமே. நான் போயிருப்பன்."

"உம்மை அனுப்பி உம்மையும் பிடிச்சாங்கள் எண்டால்?"

தர்மினி தகப்பனின் முழங்காலில் கையை வைத்தாள். றலியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கனகேஸ்வரிதான் வித்தியாசமாக இருந்தாள். அவள் தம்பியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தாயின்ர பேர் சொன்னவனோ?" என்று கேட்டாள்.

"பிலோமினா. முந்தி ரீச்சராம்."

கனகேஸ்வரி மெல்ல எழுந்தாள். "கை கழுவிக்கொண்டு வாறன்," என்று சொல்லி, இருட்டுக்குள் குசினிப் பக்கம் போனாள். அவள் கையில் கூழ் பட்டிருக்கவில்லை. ஜெகதீஸ்வரி மெழுகுதிரியை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள்.

மச்சாள் கழுவுதொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குழாய் திறக்கவில்லை.

"என்ன மச்சாள்?"

"எனக்கு அந்த மனிசியைத் தெரியும் ஜெகா. என்ர பெடியளுக்குப் படிப்பிச்சவ. முந்தி எங்கட தெரு, இப்ப வத்தளை." கனகேஸ்வரி மெதுவாகத்தான் பேசினாள். "குண்டு வெடிச்ச அண்டைக்குத்தான் அவவின்ர மகனைக் காணேல்லை. மூண்டாம் நாள் ஆஸ்பத்திரியில ஒரு உடம்பைக் காட்டியிருக்கினம். எரிஞ்ச உடம்பு. இடுப்புப் பெல்ற்றைப் பாத்துத்தான் அவன் எண்டு முடிவெடுத்தது. அடக்கமும் செய்திட்டினம்."

மெழுகுதிரி சாய்ந்து ஜெகதீஸ்வரியின் விரலில் மெழுகு சொட்டியது. அவளுக்கு அது தெரியவில்லை.

"வியாழக்கிழமை என்ர வீட்டை வந்தவ. கறுத்தச் சீலை. நாளைக்குக் காலமை கொட்டாஞ்சேனை மாதா கோயிலில முப்பத்தோராம் நாள் பூசை, வரச்சொல்லிக் கேட்டவ. போகேக்க என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு, நான் பிள்ளையின்ர முகத்தைப் பாக்கேல்லை, கனகேஸ் எண்டு சொன்னவ."

அறைக்குள்ளிருந்து கோப்பைகளின் சத்தம் கேட்டது. ஷரீப் ஏதோ சொல்ல, இராசரத்தினம் பதில் சொல்வதும் கேட்டது.

"இதை நான் சொன்னால் அவன் நாளைக்கே வெளிக்கிடுவான்," என்றாள் கனகேஸ்வரி. "அந்தக் கோயில் வாசலில எத்தினை கண் இருக்கோ. சொல்லாமல் விட்டால் இன்னும் ரெண்டு நாளில எப்பிடியும் மனசை மாத்தி அவனைப் பிளேன் ஏத்தலாம். எனக்கிருக்கிறது ஒரே ஒரு தம்பி."

ஜெகதீஸ்வரிக்கும் இருப்பது ஒரே ஒரு புருசன்தான். மூன்று கிழமையாக ஒவ்வொரு காலையும் கண்ணாடிக்கு முன்னால் குங்குமச் சிமிழைத் திறந்து வைத்துக்கொண்டு, பொட்டு வைக்கலாமோ என்று தெரியாமல் நின்றவள் அவள். அப்போது யாராவது ஒருவர், முகம் தெரியாத எவராவது, வந்து கதவைத் தட்டி அவர் இருக்கிறார் என்று ஒரு சொல் சொல்லமாட்டார்களா என்று ஏங்கினாள். ஒருவரும் வரவில்லை.

"வாங்கோ மச்சாள்," என்றாள். "சொல்லுவம். நீங்கள் சொல்லாட்டி நான் சொல்லுவன்."

கனகேஸ்வரி கண்ணைத் துடைத்தாள். "நான்தான் சொல்லுவன். என்ர தம்பிக்கு நான் சொல்லுறதுதான் முறை."

அவள் திரும்பிப் போய்ப் பாயில் தம்பிக்கு நேரே உட்கார்ந்தாள். ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். ஆஸ்பத்திரி, பெல்ற், அடக்கம், நாளைக்குப் பூசை. சொல்லச் சொல்ல இராசரத்தினத்தின் முகம் மாறிக்கொண்டு வந்தது. நாட்கணக்காய் அந்த முகத்தில் இருந்த மங்கல் கலைந்து, கண் கூர்மையாயிற்று.

"உயிரோட இருக்கிறவனுக்குப் பூசையோ," என்றார். "போன சனிக்கிழமை நான் அவனோட கதைச்சிட்டு வந்தனான் அக்கா. நல்லாக் கதைச்சவன்."

"எனக்கென்னடா தெரியும்."

"வேன் ஈக்கி அண்ணே," என்றார் ஷரீப். கணவனை முந்திக்கொண்டு றலியா சொன்னாள்: "நானும் வாறேன். பொம்புளைகள் ஈந்தா ரோட்டில கரைச்சல் குறைவு. ஜெகாக்காவும் வரட்டும்."

"எல்லாரும் போறம்," என்றாள் ஜெகதீஸ்வரி.

"நான் கோயில் வாசலில நிப்பன்," என்றாள் கனகேஸ்வரி. "ரீச்சரை உள்ள போகவிடாமல் பிடிச்சு வைக்கிறன். தம்பி நேரா வந்து சொல்லட்டும்."

பிளேன் கதையை அவள் மறுபடி எடுக்கவில்லை. விட்டுவிட்டாள் என்றும் சொல்லமுடியாது. அந்த முகத்தைப் பார்த்தால் ஜெகதீஸ்வரிக்கு அது தெரிந்தது.

வெறும் கிண்ணங்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்த தர்மினி, கையை நிறுத்தினாள்.

"அப்பா, அந்த அண்ணா உள்ளுக்க உயிரோட இருக்கிறார் எண்டால், அவை அடக்கம் செய்தது ஆரை?"

மழை பெய்துகொண்டிருந்தது. விளக்குத் திரி ஒருதரம் தாழ்ந்து எழும்பிற்று. அந்தக் கேள்வி அறைக்குள் இருந்த மற்ற ஐந்து பேரில் ஒருவருக்கும் அதுவரை தோன்றவில்லை.

"அந்தப் பிள்ளைக்கும் எங்கயோ ஒரு தாய் இருப்பா," என்றாள் ஜெகதீஸ்வரி கடைசியில். "இப்பவும் வாசலைப் பாத்துக்கொண்டு இருப்பா. அவவையும் தேடத்தான் வேணும். முதல் பிலோமினா ரீச்சரிட்டப் போவம்." ஷரீப்பின் பக்கம் திரும்பினாள். "காலமை எத்தினை மணிக்கு வெளிக்கிடலாம்?"

ஷரீப் வாய் திறக்க முன்னம் பதில் வந்துவிட்டது.

"பூசை தொடங்க முன்னம் போய்ச் சேரவேணும்," என்றார் இராசரத்தினம். "ரோட்டில ரெண்டு மூண்டு இடத்தில நிப்பாட்டுவாங்கள். விடிய முன்னமே வெளிக்கிடுவம். ஷரீப், நான் முன் சீற்றில இருக்கிறன்."